தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு கடல்

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு ஊசி அக்கா என்று பெயர். அழுதுகொண்டே வரும் குழந்தைகள்கூட அவளிடம் கையை நீட்டிவிடும். வலிக்காமல் எடுப்பதற்கு மட்டுமல்ல, பொய்யைப் பிடிப்பதற்கும் அவள் பேர் வாங்கியிருந்தாள். வெறும் வயிற்றோடுதான் வந்திருக்கிறேன் என்பவர்களின் முகத்தை அவள் பார்ப்பதில்லை. எடுத்த ரத்தத்தைச் சுழலவிட்டு, மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் பால் மாதிரி கலங்கியிருந்தால் குழாயோடு வெளியே வருவாள். எண்ணெயில் பொரித்ததா, வெண்ணெய் தடவியதா என்று மட்டும் கேட்பாள். அநேகமாகத் தலையைக் குனிந்துகொள்வார்கள். முகம் ஆயிரம் சொல்லும், குழாய் ஒன்றுதான் சொல்லும் என்பது அவள் கட்சி.

பொறாமைக்காரி என்பது அவளுக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் அக்காவின் கையெழுத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். வெளியூரில் படிக்கும் ஒரே மகன் தொலைபேசியில் கூப்பிட்டதும், அத்தை இருக்காங்களா என்று முதலில் கேட்டால், அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

வீட்டுக்கு மீன்தொட்டி வந்ததும் அதனால்தான். ஒருமுறை ஒரு பெரிய வீட்டுக்கு ரத்தம் எடுக்கப் போயிருந்தாள். கூடத்தின் ஒரு சுவர் முழுவதும் கடல்நீர்த் தொட்டி. நீல வெளிச்சத்தில் கற்கள் மூச்சுவிடுவதுபோல இருந்தன. கையில் கட்டும் ரப்பர் பட்டையைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. புது ஆளுன்னா அதுங்க மிரளும்" என்றாள் அந்த வீட்டு அம்மாள். அவள் தள்ளி நின்றாள். அம்மாள் நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும் மீன்கள் எல்லாம் அந்தப் பக்கத்துக் கண்ணாடிக்கு வந்து வரிசையாக நின்றன. அன்றைக்கு நரம்பு கிடைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல்முறையாக ஒரே ஆளை இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஹாலின் உள்சுவரைக் கையால் அளந்து பார்த்தாள்.

கணவர் குடிநீர் அலுவலகத்தில் எழுத்தர். அலுவலகம் இரண்டு தெரு தள்ளி. மத்தியானம் நடந்தே வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். அதிகம் பேசாதவர். ஆனால் இதற்குப் பேசினார். "குடிக்கிற தண்ணிக்கே எங்க கவுன்டர்ல அடிதடி. நீ குடிக்க முடியாத தண்ணியை வீட்டுக்குள்ள கட்டி வைக்கப் போறியா? ஆபீஸ்ல தெரிஞ்சா நம்ம இணைப்பைத்தான் முதல்ல வெட்டுவாங்க." வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் வேண்டாம் என்று எதையும் சொன்னதில்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே இருப்பார். அதிலிருந்து புரிந்துகொள்ள வேண்டும்.

யோசனை ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. வீடு முதல் மாடியில். தொட்டி, கல், மணல், தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் ஒரு கார் எடை என்று மீன்கடைக்காரர் சொன்னார். கட்டட மேஸ்திரியைக் கூட்டிவந்து, கீழ்வீட்டின் கூரையைத் தட்டிப் பார்த்து, உத்திரம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டாள். தொட்டி பாரம் தாங்கும் சுவரை ஒட்டி, உத்திரங்களுக்குக் குறுக்கே உட்கார வேண்டும். கீழ்வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற லாரி டிரைவர். ஏணியைப் பிடித்துக்கொண்டே, நான் இப்பவே நீச்சல் கத்துக்கணுமா, இல்ல விழும்போது சொல்லுவீங்களா என்று கேட்டார்.

சுவர் முழுக்க நீளும் தொட்டி என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் சுவரின் வலது கடைசியில், ஜன்னலுக்குப் பக்கத்தில், நாத்தனாரின் தையல் மிஷின் இருந்தது.

நாத்தனார் கணவரின் தங்கை. தலையில் நரை விழுந்த பிறகும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான். புருஷனோடு இனி முடியாது என்று ஒரு பெட்டியோடும் அந்த மிஷினோடும் வந்து சேர்ந்தாள். சட்டை, பள்ளிச் சீருடை, திரைச்சீலை எல்லாம் தைப்பாள். துணி கொண்டுவரும் பெண்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசிவிட்டுப் போவார்கள். தன் சாப்பாட்டைத் தானே சம்பாதிக்கிறேன் என்று அவள் சொல்லிக்கொண்டதில்லை. அந்த ஜன்னல் வெளிச்சம்தான் அவளுக்காக அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

மிஷினைப் பின்னறைக்கு மாற்றினால் என்ன என்று கணவரிடம் கேட்டாள். அவர் சாதத்தைப் பிசைந்தார்.

தொட்டியின் நீளத்தில் மிஷினின் அகலத்தைக் கழித்துக்கொண்டாள். தான் செய்த பெரிய தியாகம் என்று அதை மனதில் வைத்துக்கொண்டாள். அந்த மூலையைக் கடக்கும்போதெல்லாம் நினைவு வரும்.

வெல்டிங்காரர் இரும்புத் தாங்கியை ஹாலிலேயே பற்றவைத்தார். கண்ணாடித் தொட்டியைப் படிக்கட்டில் திருப்ப முடியாமல், கயிறு கட்டிப் பால்கனி வழியாக ஏற்றினார்கள். தெருவே நின்று பார்த்தது. தாங்கியின் மேல் ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை தகடு செருகி, தெர்மாகோல் பரப்பி, அதன்மேல் தொட்டியை இறக்கினார்கள். கீழே அலமாரிக்குள் இன்னொரு சின்னத் தொட்டி. மேலே வழியும் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்கி, அழுக்கை நுரையாகக் கக்கிவிட்டு, பம்பில் மறுபடி மேலே ஏறும். கரண்ட் போனால் கீழ்த்தொட்டி வழியுமா என்று பார்க்க, கடைக்காரர் நாலைந்து தரம் பிளக்கைப் பிடுங்கிச் சொருகினார். ஒவ்வொரு தரமும் கீழ்வீட்டுக்காரரின் நினைவு வந்தது.

முதலில் வெறும் தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்த்தார்கள். அவள் டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டாகத் தடவிப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. மறுநாள் மாலை நாத்தனார் ஒரு வெட்டுத்துணியை நீட்டினாள். ஓரத்தில் ஈரம். பின்பக்கம் ஒரு குழாய் மூட்டில் ஒற்றி எடுத்தாளாம். கடைக்காரர் அந்தத் துணியைப் பார்த்து, இந்த வீட்டில் ஆள் இருக்கு என்று பாராட்டினார். ஒழுகல் கிடைத்ததே என்று அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். டார்ச்சை அலமாரியில் சத்தமாக வைத்தாள்.

பிறகு உப்பு. பீப்பாயில் வடிகட்டிய தண்ணீர் பிடித்து, கடல் உப்பைக் கொட்டிக் கலக்கி, அடர்த்தி பார்க்க வேண்டும். ஒரு சொட்டு விட்டுக் கண்ணில் வைத்துப் பார்க்கும் கருவி. ஆய்வகத்தில் சிறுநீருக்கு அவள் தினமும் பார்ப்பது அதே மாதிரி ஒன்றைத்தான். இரண்டையும் மாற்றி எடுத்துவந்துவிடாதே என்றார் கணவர். அந்த மாதம் அவர் செய்த ஒரே நகைச்சுவை அது. நாத்தனார் சிரித்துச் சிரித்து நூலை அறுத்துக்கொண்டாள்.

கற்கள் வந்தன. கடலடியில் கிடந்த பொத்தல் பாறைகள். மீன் வரவில்லை. கற்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பெருகி, தண்ணீரின் நஞ்சைத் தின்னப் பழக வாரக்கணக்கில் ஆகும். அதுவரை தினமும் சோதித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வந்துபோன உறவினர்கள் கேலி செய்தார்கள். கல்லுக்கு லைட்டு போட்டு வைத்திருக்கிறாயே, பால் ஊற்றினால் வளருமா என்று கேட்டாள் அவளுடைய அக்கா. அவள் பொறுத்துக்கொண்டாள். காத்திருப்பது அவளுக்குத் தெரிந்த வேலை.

ஒருநாள் மாலை வீட்டுக்குள் நுழையும்போதே நாத்தனார் சொன்னாள். "அண்ணி, இந்தக் கல்லுலேர்ந்து விசிறி மாதிரி ஒண்ணு வருது. விரிச்சு விரிச்சுக் காட்டிட்டு உள்ள போயிடுது."

அது என்ன என்று அவளுக்குத் தெரியும். விசிறிப் புழு. படத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். கற்களில் ஒன்றாவது வந்திருக்குமா என்று மாலைகளில் முகத்தைக் கண்ணாடியில் ஒட்டித் தேடியிருக்கிறாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் ஓடினாள். அவள் நிழல் விழுந்ததும் அது உள்ளே போய்விட்டது. வெளிச்சம் அணையும்வரை உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. மறுநாளும் இல்லை.

"இப்பத்தான் அண்ணி உள்ள போச்சு" என்பாள் நாத்தனார், தினமும், வருத்தத்தோடு. அந்த வருத்தத்தைத்தான் தாங்க முடியவில்லை.

கடைசியில் மீன்கள் வந்தன. வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு ஜோடி ஒன்று. தட்டு மாதிரி மஞ்சள் ஒன்று. மணலை வாயால் அள்ளிச் சலித்துத் துப்புவது ஒன்று. முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் சிவப்பு இறால் ஒன்று. பையோடு மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைத் துளித்துளியாகச் சேர்த்துப் பழக்கி, ஒவ்வொன்றாக அவள்தான் விட்டாள். ஒவ்வொன்றுக்கும் உண்டான நீண்ட விஞ்ஞானப் பெயரைச் சொன்னாள். நாத்தனார் மஞ்சளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தாள். மணலைத் துப்புவதற்கு மேஸ்திரி. ஒரு வாரத்தில் வீட்டில் விஞ்ஞானப் பெயர்கள் மறைந்துவிட்டன. ஒருநாள் ஆய்வகத்தில் பேசும்போது அவளே இன்ஸ்பெக்டர் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கூட இருந்தவர்கள் எந்த ஸ்டேஷன் என்று கேட்டார்கள்.

மீன்கள் வலது மூலைக்குப் போயின.

மிஷின் ஓடினாலும் போகும், ஓடாவிட்டாலும் போகும். நாத்தனார் துணியைத் திருப்பினால் அவையும் திரும்பும். அவள் தண்ணீர் குடிக்க எழுந்தால் கண்ணாடி ஓரமாகவே கூட வரும். ஊசி அக்கா சாயங்காலம் வந்து, முகம் கழுவி, நாற்காலியைத் தொட்டிக்கு நேரே போட்டு உட்காருவாள். மீன்கள் அவளுக்குப் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு வலது மூலையில் நிற்கும். தியேட்டரில் தப்பான பக்கம் டிக்கெட் எடுத்தவள் மாதிரி இருந்தது.

தீனி காலையில் ஒரு வேளை. அதை அவள்தான் போடுவாள். அப்படித்தான் திட்டம். கொஞ்ச நாளில், கிளம்புவதற்கு முன் இன்னொரு சிட்டிகை போட ஆரம்பித்தாள். கையை நீருக்கு மேலே கொஞ்சநேரம் வைத்திருப்பாள். என் கை என்று தெரியட்டும் என்பதற்காக. பிறகு அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவாள். அந்தச் சிட்டிகையை அவள் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

பச்சைப் பாசி கற்களில் முடி மாதிரி வளரத் தொடங்கியது. சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து, மருந்து விட்டுக் குலுக்கினாள். கழிவு இல்லையென்றால் மஞ்சளாக நிற்க வேண்டும். சிவந்தது. தண்ணீரில் ஒரு பங்கை மாற்றினாள். கொஞ்சம் வெளுத்து, மறுபடி சிவந்தது. ஒரு மாலை இறால் மணலில் ஒருக்களித்துச் செத்துக் கிடந்தது.

கணவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நாத்தனார் சீருடைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் குழாயை வெளிச்சத்தில் நீட்டினாள்.

"இது என்ன கலர்?"

"சிவப்பு அண்ணி."

"மத்தியானத்துல யாரோ தீனி போடறாங்க. நான் இல்லாத நேரத்துல."

நாத்தனார் பல்லில் கடித்திருந்த நூலை எடுத்தாள். "நான் போடலை அண்ணி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. இது சொல்றதுதான் நிஜம். போடலைன்னா உன்கிட்ட மட்டும் ஏன் ஓடி வருது?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் சும்மாதான் உட்கார்ந்திருக்கேன்."

"சும்மா இருக்கிறவங்ககிட்ட யாரும் ஓடி வரமாட்டாங்க."

சொன்ன பிறகு அந்த வாக்கியம் வேறு எங்கோ போய் விழுந்தது அவளுக்கே தெரிந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. கணவர் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினார்.

மறுநாள் அவள் வேலையிலிருந்து வந்தபோது மூலை காலியாக இருந்தது. தரையில் மிஷினின் கால்கள் நின்ற இடம் மட்டும் வெளுத்திருந்தது. பின்னறையிலிருந்து மிஷின் ஓசை கேட்டது. பழைய பெட்டிகளும் மடக்குக் கட்டிலும் கிடக்கும் அறை. பகலிலும் விளக்குப் போட வேண்டும். துணி கொண்டுவந்த பெண்கள் வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனார்கள். சாப்பாட்டு நேரத்தில் நாத்தனார், அண்ணி இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க என்று வழக்கம்போலத்தான் சொன்னாள்.

காலி மூலையில் அவள் தன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மீன்கள் வந்தன. அவளைப் பார்த்தன. கலைந்து போயின.

குழாய் மறுபடியும் சிவந்தது. மஞ்சள் மீன் வெளிறிக்கொண்டு வந்தது. துடுப்பின் ஓரம் கிழிந்த துணி மாதிரி ஆகிவிட்டது. தீனியைப் பார்த்தாலும் திரும்பிக்கொண்டது. பின்னறையிலிருந்து எழுந்து வந்து போடுகிறாள், என்ன நெஞ்சழுத்தம் என்று நினைத்தாள். அடுத்த நாள் காலையில் தீனி டப்பாவைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். அன்று முழுவதும் சீப்பும் சில்லறையும் மீன் தீனி வாடை அடித்தன.

சாயங்காலம் கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "அந்த டப்பா எங்க? மத்தியானம் தேடித் தேடிப் பார்த்தேன்."

கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. சட்டை பாதியில் நின்றது.

"நீங்க எதுக்குத் தேடினீங்க?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். மீன் வந்த முதல் வாரத்திலிருந்து என்றார். அவரும் பாப்பாவும் தட்டை எடுத்துக்கொண்டு மிஷின் பக்கத்தில் உட்காருவார்களாம். எல்லாம் வந்து வரிசையாக நிற்குமாம். "நாம சாப்பிடறதையே பார்த்துக்கிட்டு நிக்குது. எப்படித் தனியா சாப்பிடறது?" என்றார். பாப்பா வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னாளாம். ஒரு நாளும் அவள் கையால் போட்டதில்லையாம்.

"அன்னைக்கு நான் அவளைக் கேட்டப்ப உங்க வாயில என்ன இருந்தது?"

"சொல்லத்தான் வந்தேன். அவதான் கண்ணைக் காட்டிட்டா. அப்புறம் தனியாக் கேட்டேன். அண்ணி ஆசையா செஞ்சது, அண்ணா நீ கையை வச்சேன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாங்க, நான்னு நினைச்சா திட்டறதோட போயிடும்னா." பாதியில் நின்ற சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நீ காலையில ரெண்டாவது தரம் போடறதையும் அவ என்கிட்ட சொல்லலை. நானாத்தான் ஒரு நாள் பார்த்தேன்."

குற்றவுணர்ச்சிதான் முதலில் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு தட்டுகள், அண்ணன் தங்கை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாக மீன்கள். அவள் அந்த நேரத்தில் எப்போதும் ஆய்வகத்தில் இருந்தாள். தன் வீட்டு மத்தியானம் எப்படி இருக்கும் என்பதையே அவள் பார்த்ததில்லை. தான் கட்டிய கடலின் கரையில் அவர்கள் தினமும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

பின்னறைக்குப் போனாள். நாத்தனார் குனிந்து கண்ணைச் சுருக்கி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"மிஷினை ஹாலுக்கு எடுத்துட்டு வந்துடு."

"பரவால்ல அண்ணி. இங்க பழகிடுச்சு."

"வெளிச்சமே இல்லை. கண்ணு போயிடும்."

"இருக்கறது போதும்."

அவள் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. கேட்கவும் வரவில்லை. "நான் காலையில போட்டதை நீ பார்த்திருக்க" என்றாள்.

"பார்த்தேன்."

"எதுக்குப் போட்டேன்னு தெரியுமா?"

நாத்தனார் சக்கரத்தின் மேல் கையை வைத்தாள். "தெரியும்."

அதற்குமேல் மறைக்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

"நீங்க அதுக்காகப் போட்டிருக்கவே வேண்டாம் அண்ணி" என்றாள் நாத்தனார். "நீங்க கிளம்பறப்ப அதுங்க அத்தனையும் உங்க கூடவே இடது பக்கக் கடைசி வரைக்கும் வரும். நீங்க செருப்பு மாட்டற வரைக்கும் கண்ணாடியில மூக்கை வச்சுக்கிட்டு நிக்கும். கதவைச் சாத்தினப்புறம்தான் என் பக்கம் வரும். நீங்க ஒரு நாளும் திரும்பிப் பார்க்கறதில்ல."

அவள் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். ஆறுதலுக்குச் சொல்கிறாளா, உண்மையா? எந்த மருந்தை விட்டுக் குலுக்கினால் தெரியும்? உண்மையாகவே இருக்கட்டும். அப்படியானால் அதையும் இவள்தான் பார்த்திருக்கிறாள். தினமும். வழியனுப்பியது அவளை, பார்த்துக்கொண்டிருந்தது இவள். பழகிய அந்தச் சூடு மறுபடி நெஞ்சில் ஏறியது. ஏறட்டும் என்று விட்டாள்.

"அந்தப் பக்கம் பிடி" என்றாள்.

மிஷின் கனமாக இருந்தது. கனம் அதிகமான பக்கத்தை அவள் எடுத்துக்கொண்டாள். நிலைவாசலில் இடித்தது. சாய்க்கணும் அண்ணி என்றாள் நாத்தனார். சாய்த்தார்கள். கணவர் உதவிக்கு ஓடிவந்தார். நீங்க தள்ளிப் போங்க என்றாள் அவள். நீ தள்ளிப் போ அண்ணா என்றாள் நாத்தனார், அதே மூச்சில்.

மறுநாள் காலை தீனியை ஒரு வேளை மட்டும் போட்டாள். டப்பாவை மிஷின் மேசையில், நாத்தனாரின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள். கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். செருப்புக்குள் காலை விட்டாள். தொட்டியின் இடது ஓரம் அவள் முதுகுக்கு மிக அருகில் இருந்தது. திரும்பினால் தெரிந்துவிடும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் அதுவும் தெரிந்துவிடும்.

"வந்திருக்கா?" என்று கதவைப் பார்த்தபடியே கேட்டாள்.

"வந்திருக்கு அண்ணி."

"இன்ஸ்பெக்டரும்?"

நாத்தனார் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"அவர் கொஞ்சம் பின்னாடி நிக்கறார். ஆனா இந்தப் பக்கம்தான் பார்த்துக்கிட்டு இருக்கார்."

அவள் கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கினாள்.